மரத்துக்குக் காவல்! மனிதனுக்கு வேலி!

ஆண்டுவிழா என்றால் நம் வியாபாரிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே நான்கு பேர் கடை வாசலில் வந்து நிற்பார்கள். ஒருவர் கையில் அழைப்பிதழ், இன்னொருவர் கையில் ரசீது புத்தகம். "மலர் போடுகிறோம் பாய், உங்கள் கடை விளம்பரம் ஒரு பக்கம்" என்பார்கள். கல்லாவைத் திறந்து கொடுத்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுவோம். கொடுத்த பணம் என்ன ஆனது? அந்தச் சங்கம் இத்தனை ஆண்டுகளாக என்ன செய்தது? அதை யார், எதற்காகத் தொடங்கினார்கள்? கேட்பவர் மிகக் குறைவு.

கேட்க வேண்டும்! எந்தச் சங்கத்திடமும் கேட்க வேண்டும். காட்டைக் காக்கிறோம் என்று வசூலுக்கு வருகிறவர்களிடம் கட்டாயம் கேட்க வேண்டும். ஏனென்றால் காடு பேசாது. அதன் பெயரால் பேசுகிறவர் சொல்வதுதான் கணக்கு என்றாகிவிடுகிறது. கேட்காமல் விட்டால் என்ன ஆகும், கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உலகறிந்த ஒரு சங்கத்தின் நூறாண்டு வரலாறே சாட்சியாக நிற்கிறது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 'சேவ் த ரெட்வுட்ஸ் லீக்' என்றொரு அமைப்பு இருக்கிறது. 'லீக்' என்ற சொல் நம் காதுக்குப் பழகியதுதான். ஆனால் இது அரசியல் கட்சி அல்ல. ரெட்வுட் என்ற மரத்தைக் காப்பதற்காக 1918ல் சான் பிரான்சிஸ்கோ நகரில் தொடங்கப்பட்ட சங்கம். 2018ல் நூற்றாண்டு கொண்டாடியது. அந்த ஆண்டு முழுவதும் மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமையில் நாற்பதுக்கும் மேற்பட்ட ரெட்வுட் பூங்காக்களைக் கட்டணமின்றிப் பார்க்க மக்களுக்கு ஏற்பாடு செய்தது. அதே ஆண்டில் 96 லட்சம் டாலர் கொடுத்து 730 ஏக்கர் பழங்காட்டை வாங்கிச் சேர்த்தது. நூறாவது ஆண்டுக்குப் பொருத்தமான செலவுதான். பாராட்டலாம். ஆனால் பாராட்டோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான் தெரிந்திருக்கும்.

எதற்காக இந்தச் சங்கம்?

முதலில் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரெட்வுட் என்றால் நம் பக்கம் கடத்தல் செய்தியில் அடிபடும் செம்மரம் அல்ல. அது வேறு, இது வேறு. கலிஃபோர்னியாவின் கடலோரத்தில், பனிமூட்டம் தரும் ஈரத்தைக் குடித்து வளரும் மரம் இது. 2,000 ஆண்டுகளைக் கடந்த மரங்கள் இன்றும் நிற்கின்றன. உலகத்திலேயே உயரமான மரம் இந்த இனம்தான். ஏறத்தாழ 380 அடி. சென்னை அண்ணாசாலை எல்.ஐ.சி. கட்டிடத்தின் மேல் இன்னொரு எல்.ஐ.சி. கட்டிடத்தைத் தூக்கி வைத்தாலும் அந்த உயரம் வராது!

இத்தனை உயர மரத்துக்கு ஆணிவேர் எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஆணிவேரே கிடையாது. வேர்கள் 6 முதல் 12 அடி ஆழம்தான் போகும். பக்கவாட்டில் 100 அடி வரை ஓடிப் பக்கத்து மரத்தின் வேர்களோடு பின்னிக்கொள்ளும். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவற்றின் பலம். தனியாக நிற்கவிட்டால் காற்றுக்குத் தாக்குப்பிடிப்பது கடினம். ஜமாஅத் நடத்துகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வெள்ளையர் குடியேற்றத்துக்கு முன் இந்தக் காடு சுமார் 20 லட்சம் ஏக்கர் பரவியிருந்தது. 1849ல் தங்கம் தேடி ஓடிவந்த கூட்டத்தோடு கோடரியும் வந்தது. இலகுவில் உளுத்துப்போகாத மரம் என்பதால் வீட்டுச் சுவர், கூரை ஓடு, ரயில் தண்டவாளக் கட்டை, திராட்சைத் தோட்டத்துக் கம்பு என்று எல்லாவற்றுக்கும் இதையே வெட்டினார்கள். 1917ல் மூன்று பெரிய மனிதர்கள் வடக்கே காரில் பயணம் போனார்கள். மேடிசன் கிராண்ட் என்ற நியூயார்க் வழக்கறிஞர். நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தலைவர் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்பர்ன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் மெரியம். ஆயிரம் ஆண்டு மரம் திராட்சைக் கொடிக்கு முட்டுக்கொடுக்கும் கம்பாகப் பிளக்கப்படுவதைக் கண்டார்கள். மனம் பொறுக்காமல் அடுத்த ஆண்டே சங்கம் தொடங்கினார்கள்.

வசூல் என்றால் இப்படி!

வியாபாரப் பெருமக்களே! இந்தச் சங்கம் பணம் திரட்டிய முறையைக் கவனியுங்கள். நம் சங்கங்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது.

"காட்டைக் காப்போம்" என்று கோஷம் போட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. மரம் வெட்டும் கம்பெனிகளிடமே போய், இந்த நிலம் என்ன விலை என்று கேட்டார்கள். விலை பேசி, பணம் கட்டி, கிரயம் செய்து, அந்த நிலத்தை அரசுப் பூங்காவாக ஒப்படைத்தார்கள். வசூலான பணம் ஏக்கராக மாறியது. எத்தனை டாலர் வந்தது, எத்தனை ஏக்கர் வாங்கப்பட்டது என்று யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம்.

இறந்தவர் நினைவாக ஒரு சோலையை வாங்கிக் கொடுக்கலாம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். முதல் உலகப்போரில் உயிரிழந்த ஓர் அமெரிக்க ராணுவ அதிகாரியின் பெயரில் 1921ல் முதல் நினைவுச் சோலை அமைந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அதைப் பின்பற்றின. ஹம்போல்ட் மாவட்டத்துப் பெண்கள் 1919லேயே தனிச் சங்கம் அமைத்து இதற்காக உழைத்தார்கள். ராக்ஃபெல்லர் என்ற கோடீஸ்வரக் குடும்பத்தின் மகன் 20 லட்சம் டாலர் கொடுத்தார். அவர் பெயரைத் தாங்கிய சுமார் 10,000 ஏக்கர் காடு இன்றும் நிற்கிறது.

அரசாங்கத்தையும் விடவில்லை. 1928ல் பூங்காக்களுக்காக 60 லட்சம் டாலர் கடன்பத்திரம் வெளியிட மாநில மக்கள் வாக்களித்து ஒப்புதல் தந்தார்கள். அதில் ஒரு நிபந்தனை: அரசு ஒரு டாலர் போட்டால் பொதுமக்களும் ஒரு டாலர் போட வேண்டும். கொடுக்கிற ஒவ்வொருவருக்கும் தன் பணம் இரட்டிப்பாகும் என்ற தெம்பு வந்தது. அரசுக்கோ வாங்கிய நிலத்தைக் கைவிட முடியாத பொறுப்பு வந்தது.

இன்றுவரை 2 லட்சம் ஏக்கருக்கு மேல் காப்பாற்றியிருக்கிறார்கள். அறுபதுக்கு மேற்பட்ட பூங்காக்கள் உருவாக உதவியிருக்கிறார்கள். ஆதியில் இருந்த பழங்காட்டில் ஏறத்தாழ 5 சதவீதம்தான் இன்று மிச்சம். இந்தச் சங்கம் இல்லாவிட்டால் அந்த மிச்சத்திலும் பெரும் பகுதி திராட்சைக் கம்பாகவும் தண்டவாளக் கட்டையாகவும் போயிருக்கும். இதை மறுப்பது நீதியாகாது.

அந்த மேடிசன் கிராண்ட் யார்?

இனி, விழா மேடைகளில் சொல்லப்படாமலே இருந்த பகுதிக்கு வருவோம்.

மரத்துக்காகக் கலங்கிய அதே மேடிசன் கிராண்ட், சங்கம் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1916ல் ஒரு புத்தகம் எழுதினார். 'மகத்தான இனத்தின் மறைவு' என்பது அதன் பெயரின் பொருள். வட ஐரோப்பிய வெள்ளை இனமே உயர்ந்தது. மற்றவர்கள் உள்ளே வந்தால், கலந்தால், அந்த இனம் அழிந்துவிடும் என்பதே அதன் சாரம். அதற்கு முன்னுரை எழுதியவர் யார் தெரியுமா? அதே காரில் பயணம் செய்த ஆஸ்பர்ன்! 1921ல் இனமேம்பாட்டுக் கொள்கைக்காரர்களின் சர்வதேச மாநாடு நடந்தது அவர் தலைமை வகித்த அருங்காட்சியகத்தில்தான்.

வெறும் எழுத்தோடு போனதா? இல்லை. ஓட்டா பெங்கா என்ற காங்கோ நாட்டு இளைஞரை 1906ல் நியூயார்க் பிராங்ஸ் மிருகக்காட்சி சாலையில் குரங்குக் கூண்டில் காட்சிக்கு வைத்தார்கள். அந்த மிருகக்காட்சி சாலையை நடத்திய சங்கத்தின் பொறுப்பில் இருந்தவர்கள் கிராண்டும் ஆஸ்பர்னும். கறுப்பின மதபோதகர்கள் திரண்டு வந்து கண்டித்த பிறகே அவர் விடுவிக்கப்பட்டார். 1916ல், கிராண்டின் புத்தகம் வெளிவந்த அதே ஆண்டில், அந்த மனிதர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மரத்துக்காக உருகிய நெஞ்சம் மனிதனைக் கூண்டில் பார்த்து உருகவில்லை!

1924ல் அமெரிக்கா கொண்டுவந்த குடியேற்றச் சட்டத்துக்குப் பின்னால் நின்று பாடுபட்டவர்களில் கிராண்ட் முக்கியமானவர். நாட்டுக்கு இத்தனை பேர்தான் என்று அளவு வைத்து, தெற்கு ஐரோப்பியரையும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களையும் குறைத்து, ஆசியர்களுக்கு அநேகமாகக் கதவையே மூடிய சட்டம் அது. இந்தியர்களுக்கு 1917லேயே கதவு சாத்தப்பட்டுவிட்டது. முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவச் சீருடை அணிந்த பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியரிடம், "நீ வெள்ளையன் அல்ல, குடியுரிமை கிடையாது" என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1923ல் கையை விரித்தது. அந்தக் காலத்து அமெரிக்காவில் வீசிய காற்று அது. அந்தக் காற்றை ஊதிவிட்டவர்களில் ஒருவர்தான் நம் மரக்காவலர். ஹிட்லரின் மருத்துவர் கார்ல் பிராண்ட் நூரம்பெர்க் விசாரணையில் நின்றபோது, தன் தரப்புக்கு ஆதாரமாக இந்த அமெரிக்கரின் புத்தகத்திலிருந்தும் பகுதிகளைக் காட்டினார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

சிலர் கேட்கலாம்: "அவர் கொள்கை அவரோடு. மரத்தைக் காப்பாற்றியது நல்ல காரியம்தானே? இரண்டையும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்?"

முடிச்சு நாம் போட்டதல்ல. அது அங்கேயே இருந்தது. பழமையானது, உயரமானது, 'தூய்மையானது' மட்டுமே காக்கத்தக்கது. மற்றவை வெளியே நிற்கட்டும் என்ற ஒரே பார்வைதான் அவரை மரத்துக்குக் காவலராகவும் மனிதனுக்கு வேலியாகவும் ஆக்கியது. அந்தப் பார்வையால் அந்தக் காட்டுக்கே என்ன கேடு வந்தது என்பதையும் பாருங்கள்.

காலியாகக் கிடந்த காடா அது?

அந்த மூவரும் காரில் போன பாதை மனிதர் இல்லாத பாதை அல்ல. யூரோக், சின்கியோன், டொலோவா, வியட் என்று பல மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்த மண் அது. கலிஃபோர்னியா மாநிலமான அதே 1850ல் ஒரு சட்டம் போட்டார்கள். பெயர் என்னவோ 'இந்தியர் பாதுகாப்புச் சட்டம்'. அங்கே பழங்குடிகளை இந்தியர் என்பார்கள். உள்ளே இருந்ததோ அவர்களைக் கட்டாய வேலைக்குப் பிடிக்கவும், பிள்ளைகளை வெள்ளையர் வீட்டில் வேலைக்கு வைத்துக்கொள்ளவும் வழிசெய்யும் விதிகள்! ஆயுதக் கும்பல்கள் ஊர் ஊராகப் போய்க் கொன்றன. சேலி பெல் என்ற சின்கியோன் பெண், சிறுமியாக இருந்தபோது தன் குடும்பம் வெட்டிச் சாய்க்கப்பட்டதைக் கண்டு உயிர் தப்பியவர். நடந்தது இனப்படுகொலையே என்று ஒப்புக்கொண்டு அந்த மாநிலத்தின் ஆளுநர் 2019ல் மன்னிப்புக் கேட்டார். ஆனால் சங்கம் தோன்றிய காலத்தில் அந்த மக்களின் குரலுக்கு அந்த மேடையில் இடம் இல்லை. மரத்தைக் காத்தது சரி. அதன் நிழலில் வாழ்ந்தவர் எங்கே என்று கேட்க அங்கே ஆளில்லை.

அதே 1850ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது. புல்வெளிக்குத் தீ வைத்தால் தண்டனை. படிப்பவருக்கு நல்ல விதியாகத்தான் தோன்றும். ஆனால் அந்த மக்கள் காலமறிந்து, அளவறிந்து தரையில் சிறு நெருப்பு வைப்பார்கள். காய்ந்த சருகும் புதரும் எரிந்துபோகும். பெரிய மரத்தின் தடித்த பட்டைக்கு ஒன்றும் ஆகாது. கூடை பின்னுவதற்கு நேரான இளங்குச்சி துளிர்க்கும். மானுக்குப் புல் முளைக்கும். இது அவர்களின் விவசாயம், அவர்களின் காவல். இதைக் குற்றமாக்கினார்கள். பிறகு வந்த அரசுத் துறைகளும் நூறாண்டுக் காலம் எந்த நெருப்பானாலும் அணைத்தே தீருவது என்று நின்றன. சருகு மேல் சருகு சேர்ந்தது.

விளைவு? ரெட்வுட்டின் சகோதர மரம் ஒன்று உண்டு, ராட்சத செக்வோயா என்று பெயர். சியரா நெவாடா மலையில் அந்த மரங்கள் நிறைந்த 530 ஏக்கர் காடு தனியாரிடம் இருந்தது. அதை வாங்க இதே சங்கம் ஆயிரக்கணக்கானோரிடம் வசூல் செய்து சுமார் 1 கோடியே 56 லட்சம் டாலர் திரட்டி 2019 இறுதியில் கிரயம் முடித்தது. மை காய்ந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. 2020ல் 'காசில்' தீ என்று அழைக்கப்பட்ட பெருநெருப்பு அந்தக் காட்டுக்குள்ளும் புகுந்தது. அந்த ஒரு தீயில் மட்டும் உலகத்திலுள்ள பெரிய செக்வோயா மரங்களில் 10 முதல் 14 சதவீதம் அழிந்தது என்று அந்நாட்டுப் பூங்காத்துறை கணக்கிட்டது. வறட்சியும் ஏறிவரும் வெப்பமும் காரணங்கள்தான். நூறாண்டாகச் சேர்த்துவைத்த சருகும் ஒரு காரணம். பத்திரம் பெட்டியில் பத்திரமாக இருந்தது, மரம் எரிந்தது!

மேட்டை விட்டுப் பள்ளத்தை வாங்கினால்...

இன்னொரு பாடமும் உண்டு. ராக்ஃபெல்லர் பணத்தில் வாங்கிய காடு புல் கிரீக் என்ற ஓடையின் கரைச் சமவெளியில் இருந்தது. அழகான மரங்கள் அங்கேதான். மேலே இருந்த மலைச்சரிவு தனியார் வசம். அங்கே அழகில்லை என்று அதை விட்டுவிட்டார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வீட்டு மரத்துக்குக் கிராக்கி ஏறியது. சரிவை மொட்டையடித்தார்கள். 1955 டிசம்பரில் பெருமழை கொட்டியது. பிடித்துக்கொள்ள வேரில்லாத மண்ணும் கல்லும் ஓடையில் இறங்கி, கரையை அரித்து, காப்பாற்றப்பட்ட காட்டிலேயே நூற்றுக்கணக்கான பெருமரங்களைச் சாய்த்தன. 1964லும் வெள்ளம் வந்தது. அதன் பிறகுதான் மேட்டு நிலத்தையும் வாங்க வேண்டும் என்ற புத்தி வந்து, அரசும் சங்கமும் சேர்ந்து வாங்கத் தொடங்கின.

மரத்தை வெட்டிப் பிழைத்தவனின் கதையையும் மறக்கக்கூடாது. 1968ல் ரெட்வுட் தேசியப் பூங்கா வந்தது. பத்தாண்டு கழித்து அதை விரிவாக்கப் போனபோது மரத்தொழிலாளர்கள் கொதித்தார்கள். 1977ல் ஒரு பெரிய ரெட்வுட் கட்டையை வேர்க்கடலை வடிவில் செதுக்கி, லாரியில் ஏற்றி, நாட்டைக் குறுக்காகக் கடந்து வாஷிங்டன் கொண்டுபோனார்கள். அப்போதைய ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கடலை விவசாயி அல்லவா? "உங்களுக்கு இது கடலை, எங்களுக்கு இது வேலை" என்பதே அவர்கள் சொல்ல வந்த சேதி. 1978ல் பூங்கா விரிவாக்கச் சட்டம் நிறைவேறியபோது வேலை இழப்பவர்களுக்கு உதவித்தொகையும் மறுபயிற்சியும் அதே சட்டத்தில் சேர்க்கப்பட்டன. கேட்டதால் கிடைத்தது. கேட்காமல் இருந்திருந்தால் காட்டைக் காத்த பெருமை ஒருவருக்கும், பட்டினி இன்னொருவருக்கும் பங்காகியிருக்கும்.

நூறாண்டுக்குப் பிறகு வந்த உண்மை

2018ல் விழா நடந்தது. 2020ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரின் முழங்காலுக்குக் கீழே உயிர்விட்டபோது அமெரிக்கத் தெருக்கள் கொந்தளித்தன. பழைய அமைப்புகள் பலவும் தங்கள் வரலாற்றைத் திருப்பிப் பார்க்க வேண்டிவந்தது. ஓட்டா பெங்காவுக்கு இழைத்த கொடுமைக்காகப் பிராங்ஸ் மிருகக்காட்சி சாலையின் அமைப்பு அந்த ஆண்டு மன்னிப்புக் கேட்டது. ரெட்வுட் சங்கமும் தன் நிறுவனர்கள் இனவெறிக் கொள்கையோடு பின்னிக் கிடந்தவர்கள் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 2021ல் பூங்கா ஒன்றில் மேடிசன் கிராண்டைப் போற்றி வைத்திருந்த நினைவுக்கல்லை மாநிலப் பூங்காத்துறை எடுத்தது.

சொல்லோடு நிற்கவில்லை. 2022 ஜனவரியில், தான் வாங்கிவைத்திருந்த 523 ஏக்கர் காட்டைப் பத்துப் பழங்குடிகள் சேர்ந்து அமைத்த சின்கியோன் மன்றத்துக்குத் திருப்பிக் கொடுத்ததாக அறிவித்தது. அந்த இடம் தன் பழைய பெயரைத் திரும்பப் பெற்றது. 'மீன் ஓடும் இடம்' என்பது அதன் பொருள். 2024ல் யூரோக் மக்களுக்கு 125 ஏக்கர் நிலத்தை ஒப்படைக்கவும், அதைத் தேசியப் பூங்காத்துறையும் மாநிலப் பூங்காத்துறையும் அவர்களோடு சேர்ந்து பராமரிக்கவும் ஒப்பந்தம் ஆனது. ஒரு காலத்தில் மர அறுப்பு ஆலை இருந்த நிலம் அது.

இது போதுமா? கணக்குப் போடுங்கள். 2 லட்சம் ஏக்கருக்கு 523 ஏக்கர் என்றால் ஆயிரத்தில் மூன்று பங்குகூட வராது. வாங்கியதில் பெரும்பகுதி அரசுப் பூங்காவாகிவிட்டது, அது சங்கத்தின் கையில் இல்லை என்பது உண்மைதான். அப்படியானாலும் இது தொடக்கமே தவிர முடிவல்ல. ஆனால் என்னைக் கேட்டால், நூற்றாண்டு விழாவில் நடந்த எல்லாவற்றையும்விட, அதற்குப் பிறகு வந்த இந்த ஒப்புதலும் இந்த ஒப்படைப்பும்தான் அந்தச் சங்கத்தின் உண்மையான ஆண்டுவிழா.

நாம் எங்கே நிற்கிறோம்?

இளைஞர்களே! இந்த வரலாற்றைக் கேட்டதும் நம்மில் சிலர் இரண்டு தவறான முடிவுக்கு வருவார்கள்.

ஒரு சாரார், "பார்த்தீர்களா, காடு காப்பதெல்லாம் வெள்ளைக்காரனின் பொழுதுபோக்கு. மனிதன் சாகும்போது மரத்துக்கு என்ன விழா?" என்பார்கள். இது பேச நன்றாக இருக்கும், ஆனால் பொய். மரம் போன மலையிலிருந்து வெள்ளம் இறங்கும்போது முதலில் மூழ்குவது ஏழையின் வீடு. காடு எரிந்தால் புகை தின்பது கூலிக்காரனின் நெஞ்சு. நிறுவியவன் கெட்டவன் என்பதற்காக மரத்தைப் பழிக்க முடியாது. இரண்டாயிரம் வயது மரம் எந்த இனத்தானுக்கும் சொந்தமில்லை. இனி வரப்போகிறவர்களின் அமானிதம் அது.

இன்னொரு சாரார், "நல்ல காரியம் நடக்கிறது, பழசை ஏன் கிளற வேண்டும்?" என்பார்கள். பழசைக் கிளறாததால்தான் தீயைப் பற்றி அறிந்தவர்களை வெளியே தள்ளிய தவறு நூறாண்டு தொடர்ந்தது. உண்மையை மறைத்தால் மனிதனுக்கு மட்டுமா நட்டம்? மரத்துக்கும் நட்டம்! இந்தக் காட்டில் அது கண்கூடாகத் தெரிந்துவிட்டது.

எனவே இனி காடு காக்கும் சங்கம் எதுவானாலும், ஆண்டுவிழா என்று ரசீது புத்தகத்தோடு வரும்போது கடையை மூடாதீர்கள்; கல்லாவைக் கண்மூடித் திறக்கவும் செய்யாதீர்கள். ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

சென்ற ஆண்டு வசூலான பணம் என்னவாக மாறியது, அந்த நிலத்தின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது?

பார்வைக்கு அழகான இடத்தை மட்டும் காக்கிறீர்களா, அதற்குத் தண்ணீர் வரும் மேட்டையும் சேர்த்தா?

அங்கே வாழ்ந்தவர்கள் இப்போது எங்கே, உங்கள் நிர்வாகக் குழுவில் அவர்களுக்கு இடம் உண்டா?

உங்கள் காவலால் பிழைப்பை இழந்தவனுக்கு என்ன வழி வைத்தீர்கள்?

உங்கள் சங்கத்தைத் தொடங்கியவர்களின் முழு வரலாற்றை மலரில் போடுவீர்களா, படத்தை மட்டும் போடுவீர்களா?

நேர்மையான பதில் வந்தால் தாராளமாகக் கொடுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகளையும் அந்தச் சங்கத்தில் சேர்த்துவிடுங்கள். வெறும் நன்கொடையாளராக அல்ல. கணக்குக் கேட்கிற உறுப்பினராக! வக்ஃபு சொத்தை நிர்வகித்தவர்களுக்கு இது தெரியும்: எழுதிவைத்தவர் போன பிறகுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. எழுதியதோடு கடமை முடியவில்லை. யாருக்காக எழுதினோமோ அவர்களுக்கு அது போய்ச் சேர்கிறதா என்று தலைமுறை தலைமுறையாகப் பார்க்க வேண்டும். காட்டுக்கும் அதே சட்டம்தான்.

ரெட்வுட் மரங்கள் வேரோடு வேர் கோத்து நிற்பதால் நிற்கின்றன. பக்கத்திலிருப்பவனின் வேரை அறுத்துவிட்டு அந்த மரத்தைக் காப்பேன் என்றவர்கள் நூறாண்டில் கற்றுக்கொண்டதை, நாம் முதல் நாளிலேயே கற்றுக்கொள்ளலாமே! சிந்தியுங்கள் சகோதரர்களே!